கோட்டையோடு நின்றுவிடும் அளவுகோல்கள்

வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்துக்கு எடுத்துப்போக ஒரு சிறு பிரசுரம் போடலாம் என்று தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் படிப்பகத்தில் முடிவானது. மொத்தம் 12 பக்கம். நம் மாநகராட்சியின் கையில் என்னென்ன அதிகாரம் இருக்கிறது, மற்ற நாடுகளில் ஒரு நகராட்சியின் கையில் என்னென்ன இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய சரக்கு அலுவலகம் ஒன்றில் ஆயுள் முழுக்கக் கணக்கெழுதியவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. கூட்டாளிகள் இருவர். ஒருவர் பொது நிர்வாகத்தில் முதுகலை படிக்கும் எங்கள் தெருப் பெண். இன்னொருவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வுபெற்ற பெரியவர். சங்கக் கூட்டங்களில் பழகிய குரல், எதையும் ஒருமுறை சொன்னால் ஒப்புக்கொள்ளாத குணம்.

இரண்டு நாளில் முடியும் என்று நினைத்தேன். அளவுகோலைத் தேர்ந்தெடுக்கவே மூன்று வாரம் ஆயிற்று. ஒரு நாட்டில் அதிகாரம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை முழம் போட்டு அளக்க முடியாது. அளக்க முயன்றவர்கள் நிறையப் பேர், ஆளுக்கொரு முழக்கோல். ஒரு பட்டியலில் தலைமாட்டில் இருக்கும் நாடு அடுத்த பட்டியலில் கால்மாட்டுக்குப் போய்விடுகிறது.

முதலில் கையில் எடுத்தது பணத்தை. கணக்கனுக்கு வேறென்ன தோன்றும்? ஒரு நாட்டில் எல்லா அரசுகளும் சேர்ந்து செலவழிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும், நடுவண் அரசுக்குக் கீழே உள்ளவர்கள் எத்தனை ரூபாய் செலவழிக்கிறார்கள்? சர்வதேச நிதியம் பல்லாண்டுகளாகத் தொகுக்கும் அரசு நிதிப் புள்ளிவிவரங்கள் இதற்குத்தான் அதிகம் பயன்பட்டிருக்கின்றன. பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. தன் உறுப்பு நாடுகளுக்குத் தனித் தொகுப்பு வைத்திருக்கிறது. ஒரே எண், பல ஆண்டுகள், பல நாடுகள். வரைபடம் போட வசதி. ஆராய்ச்சியாளர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அந்த வசதிதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கோலால் அளந்தால் சீனா உலகின் முன்வரிசையில் வந்து நிற்கும். அங்கே பொதுச் செலவில் ஏறக்குறைய 85 சதவீதம் மாகாணங்களும் அவற்றுக்குக் கீழே உள்ள அரசுகளும் செய்வது. ஆனால் மாகாணத் தலைவர் யார், அவருக்கு அடுத்த பதவி என்ன என்பதை மேலிருந்து கட்சி தீர்மானிக்கிறது. "பெட்டிச் சாவி கையில் இருக்கிறது, பெட்டியைத் திறக்கச் சொல்வது வேறொருவர்" என்றார் பெரியவர். அவ்வளவுதான் விஷயம்.

டென்மார்க் இதைவிட நுணுக்கமான சங்கடம். கூட்டாட்சி நாடு இல்லை. ஆனாலும் உள்ளாட்சியின் செலவுப் பங்கில் உலகின் உச்சியில் இருக்கிறது. அந்தச் செலவில் ஒரு பெரிய பங்கு சமூக நல உதவித்தொகை. எவருக்கு, எவ்வளவு என்பதை நாடாளுமன்றச் சட்டம் நிர்ணயிக்கிறது; நகராட்சி தன் கணக்கில் செலவெழுதுகிறது. இதைப் படித்தபோது எனக்கு அம்மா உணவகம் நினைவுக்கு வந்தது. 2013-ல் தொடங்கிய திட்டம். சமையற்கூடமும் செலவும் மாநகராட்சியின் ஏட்டில் இருந்தன. ஒரு ரூபாய்க்கு ஓர் இட்லி என்ற முடிவு மாநில அரசு இருக்கும் கோட்டையில் பிறந்தது. திட்டம் நல்லதா என்பது இங்கே கேள்வியில்லை. அந்தச் செலவை உள்ளாட்சிச் செலவு என்று எழுதினால் கூட்டல் சரியாகத்தான் வரும், அதிகாரம் மட்டும் அந்தக் கூட்டலுக்குள் இருக்காது.

இந்த ஓட்டையை அடைக்க ஓ.இ.சி.டி. ஒரு வேலை செய்தது. ஹான்ஸ்யோர்க் ப்ளோஷ்லிகர், டேவிட் கிங் ஆகிய இருவரும் 2006-ல் உள்ளாட்சி வரிகளையே தரம் பிரித்தார்கள். வரி விகிதத்தையும் விலக்குகளையும் உள்ளாட்சி தானே முடிவு செய்கிறதா, விகிதத்தை மட்டுமா, விலக்கை மட்டுமா, மேல் அரசோடு பங்கு பிரித்துக்கொள்கிறதா, அல்லது எல்லாவற்றையும் மேலிடம் தீர்மானித்துவிட்டு வசூலை மட்டும் கொடுக்கிறதா என்று படிப்படியாக. எனக்கு மிகப் பிடித்தது இதுதான். டென்மார்க் இந்தச் சல்லடையிலும் தேறிவிடுகிறது: அங்கே நகராட்சி வருமான வரியே விதிக்கிறது, விகிதத்தைத் தானே வைக்கிறது, சராசரியாக 25 சதவீதம்.

நம் சொத்து வரியை இதில் எந்தப் படியில் வைப்பது? சென்னையில் 1998-க்குப் பிறகு பொதுச் சீராய்வு நடக்காமல் இருந்து, 2022-ல் உயர்ந்தது. பழைய மாநகரப் பகுதியில் 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 150 சதவீதம். தீர்மானம் நிறைவேறியது மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகையில். அளவு அறிவிக்கப்பட்டது மாநில அரசால். மாநில அரசை அவசரப்படுத்தியதில், நகராட்சி மானியம் வேண்டுமானால் சொத்து வரியைச் சீர்படுத்து என்ற 15-ஆவது நிதிக் குழுவின் நிபந்தனைக்கும் பங்குண்டு. மாநகராட்சியின் 'சொந்த வரி' என்று ஏட்டில் ஒரு வரியில் எழுதிவிடும் தொகைக்குள் மூன்று அரசுகளின் கைரேகை இருக்கிறது.

பணக் கோலுக்கு இன்னொரு குறை உண்டு. எங்களைப் பொறுத்தவரை அதுவே பெரிய குறை. 'நடுவண் அரசுக்குக் கீழே' என்றால் எதற்குக் கீழே? இந்தியாவில் மொத்த அரசுச் செலவில் ஏறத்தாழ 60 சதவீதம் மாநிலங்கள் வழியாகப் போகிறது. அந்த எண்ணை மட்டும் பார்க்கும் வெளிநாட்டுக்காரர், அடடா, எவ்வளவு அதிகாரம் பரவிய நாடு என்று வியப்பார். இதே இந்தியாவில் எல்லா மாநகராட்சி, நகராட்சிகளின் வருவாயும் சேர்ந்து நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 1 சதவீதம்தான்; பத்தாண்டுக்கு மேலாக அங்கேயே நிற்கிறது. ரிசர்வ் வங்கி 2022 நவம்பரில் வெளியிட்ட நகராட்சி நிதி அறிக்கை இதைச் சொல்கிறது. அதே அறிக்கை பக்கத்தில் வைத்துக் காட்டும் நாடுகள் பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும்: 7.4 சதவீதம், 6 சதவீதம். பிரேசிலின் 1988 அரசமைப்பு நகராட்சியைக் கூட்டாட்சியின் ஓர் உறுப்பாகவே ஏற்றுக்கொண்டது என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

சுயாட்சி என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1969-ல் ராஜமன்னார் குழுவை அமைத்து, மத்திய – மாநில உறவை ஆராயச் சொன்ன மாநிலம் இது. குழு 1971-ல் அறிக்கை கொடுத்தது. டெல்லியிலிருந்து கோட்டைக்கு என்னென்ன வர வேண்டும் என்று இங்கே எவரைக் கேட்டாலும் விரல்விட்டுச் சொல்வார். கோட்டையிலிருந்து ரிப்பன் மாளிகைக்கு என்ன வர வேண்டும் என்று கேட்டால் விரல்கள் மடங்கிவிடும். இரண்டுக்கும் இடையே நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான்.

அதனால்தான் இரண்டாவது கோலையும் ஒதுக்கினோம், மனமில்லாமல். லிஸ்பெட் ஹூக், கேரி மார்க்ஸ் குழுவினர் உருவாக்கிய பிராந்திய அதிகாரக் குறியீடு உழைப்பில் ஒப்பற்றது. 81 நாடுகளின் சட்டங்களையும் அரசமைப்புகளையும் 1950 முதல் 2010 வரை ஆண்டுவாரியாகப் படித்துப் புள்ளி போட்டிருக்கிறார்கள். பிராந்தியம் தன் எல்லைக்குள் என்ன செய்யலாம் என்பதற்கு ஐந்து கேள்விகள். நாடு முழுவதற்குமான முடிவுகளில் அதற்கு என்ன பங்கு என்பதற்கு ஐந்து. கடன் வாங்கும் உரிமையைத் தனியே கேட்டது எனக்குப் பிடித்தது. ஆனால் சராசரியாக ஒன்றரை லட்சம் மக்களாவது உள்ள அடுக்குகளைத்தான் இது கணக்கில் கொள்கிறது. இங்கே அது கேட்பது மாநிலத்தைப் பற்றி. வார்டு கூட்டத்துக்கு இதைக் கொண்டுபோனால், வீட்டு வாடகையைப் பற்றிப் பேச வந்தவரிடம் ரயில்வே பட்ஜெட்டை விளக்கியது போலாகும்.

சட்டத்தைப் படித்துப் புள்ளி போடும் முறைக்கே ஒரு பொதுவான ஆபத்து இருக்கிறது. அதற்கு உதாரணம் தேடிக் கடலைத் தாண்டினால் போதும். இலங்கையின் 13-ஆவது திருத்தம் 1987-ல் மாகாண சபைகளைக் கொண்டுவந்தது. ஒன்பது மாகாணங்கள், தனி அதிகாரப் பட்டியல், எல்லாம் எழுத்தில் உண்டு. காணி (நிலம்), காவல்துறை அதிகாரங்கள் எழுதியபடி கைக்கு வரவில்லை. சபைகளின் பதவிக்காலம் ஒவ்வொன்றாக முடிந்து, 2019-க்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட மாகாண சபை ஒன்றுகூட இல்லை, ஆளுநர்கள் நடத்துகிறார்கள். சட்டப் புத்தகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த இடத்தில் பெரியவர் மூன்றாவது கோலுக்காக மேசையைத் தட்டினார். வி-டெம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஜனநாயக ஆய்வுத் திட்டம் ஒரு நேரடிக் கேள்வி கேட்கிறது: உள்ளாட்சிக்குத் தேர்தல் நடக்கிறதா, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தேர்ந்தெடுக்கப்படாதவர்களின் தலையீடு இல்லாமல் இயங்க முடிகிறதா? ஒவ்வொரு நாட்டுக்கும் பல வல்லுநர்களிடம் கேட்டு, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஓர் எண் தருகிறது. சீனாவின் பணப்பெட்டி இதை ஏமாற்றாது. "2016 முதல் 2022 வரை நமக்குக் கவுன்சிலரே இல்லை. அதைச் சொல்லாமல் என்ன பிரசுரம்?" என்றார் பெரியவர். அவர் சொன்னது சரி. அரசமைப்பின் 243-யு பிரிவு, ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கச் சொல்கிறது. வழக்கும் வார்டு மறுவரையறையுமாக இழுத்து, 2022 பிப்ரவரி 19-ல்தான் சென்னை வாக்களித்தது. இடையில் மன்றத்தின் வேலையைத் தனி அலுவலர் பார்த்தார்.

வி-டெம் எண் நாட்டுக்கு ஒன்று என்பதுதான் சிக்கல். கேரளத்தின் கிராமப் பஞ்சாயத்தும், ஐந்தாண்டுக்கு மேல் மன்றமில்லாத சென்னையும் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடும். வல்லுநர்களின் கருத்து என்பதால், ஏன் இந்த எண் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. கடைசியில் கேள்வியை வைத்துக்கொண்டு எண்ணை விட்டோம்: தேர்தல் இருந்த ஆண்டுகள், இல்லாத ஆண்டுகள் என்று ஒரு கோடு வரைந்து முதல் பக்கத்தில் போடுவதாக முடிவு. பெரியவர் பாதி மனத்தோடு ஒப்புக்கொண்டார்.

எல்லாவற்றையும் கலந்து ஒரே எண்ணாக்கிய கலவைக் குறியீடுகளும் உண்டு. மக்சிம் இவானினா, அன்வர் ஷா இருவரும் உலக வங்கிக்காக 2012-ல் 182 நாடுகளுக்குப் போட்டது அவற்றில் முக்கியமானது. மாகாண அடுக்கோடு நின்றுவிடாமல் உள்ளாட்சியைத் தேடிப் போனதற்காக அவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் அது ஒரு காலகட்டத்தின் நிழற்படம், பழையதாகிவிட்டது. பணமும் தேர்தலும் ஊழியரும் ஒரே குழம்பில் கொதித்த பிறகு எது காரம், எது புளி என்று பிரித்துச் சொல்ல முடியாது. மத்திய ஊராட்சித் துறை வெளியிடும் அதிகாரப் பகிர்வுக் குறியீட்டையும் பார்த்தோம். 2024-ஆம் ஆண்டுக்கானதில் கர்நாடகம், கேரளத்துக்கு அடுத்து தமிழ்நாடு மூன்றாவது. பெருமைப்படலாம், ஆனால் அது கிராம ஊராட்சிகளைப் பற்றியது. தண்டையார்பேட்டைக்கு அதில் இடமில்லை.

எண்ணிக்கையை மட்டும் எண்ணும் பழைய வழி ஒன்று உண்டு: ஓர் உள்ளாட்சிக்குச் சராசரியாக எத்தனை பேர்? பண்டிதர்கள் இதை மதிப்பதில்லை. வடசென்னைக்காரன் மதிக்காமல் இருக்க முடியாது. 2011-க்கு முன் திருவொற்றியூர் ஒரு நகராட்சி, மணலி ஒரு நகராட்சி, எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கம் ஒரு நகராட்சி, மாதவரம் ஒரு நகராட்சி. அந்த ஆண்டில் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது 42 உள்ளாட்சிகள் மாநகராட்சிக்குள் கரைந்தன. பணக் கோலுக்கு இது தெரியாது, உள்ளாட்சிப் பணம் உள்ளாட்சியிலேயே இருக்கிறது அல்லவா? பிராந்தியக் கோலுக்கும் தெரியாது. கத்திவாக்கத்தில் தன் நகராட்சித் தலைவரைத் தெருவில் பார்த்துப் பேசியவர், இப்போது 200 உறுப்பினர் மன்றத்தில் தன் வார்டுக்காரர் ஒருவரைத்தான் தேட வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி விரிந்த மாநகரில் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஒரு வார்டுக்கு 33,000 பேர். பிரான்சில் ஏறக்குறைய 35,000 கம்யூன்கள். ஒன்றுக்குச் சராசரி 2,000 பேர்கூட இல்லை. அதற்காகப் பிரான்சின் கம்யூன் சென்னை மாநகராட்சியைவிட வலியது என்று சொல்லிவிட முடியாது. பல கம்யூன்களுக்குத் தனியாக ஒரு சாலை போடவே பலமில்லை. டென்மார்க்கும் 2007-ல் 271 நகராட்சிகளை 98 ஆகச் சுருக்கியது. அங்கே பெரிதாக்கியபோது கூடவே வேலைகளையும் கீழே இறக்கினார்கள். நாம் பெரிதாக்கினோம்.

கடைசியில் நாங்கள் எடுத்தது உள்ளாட்சித் தன்னாட்சிக் குறியீடு. ஆண்ட்ரியாஸ் லாட்னர், நிக்கோலா கோஃபர், ஹரால்ட் பால்டர்ஸ்ஹைம் மூவரும் 39 ஐரோப்பிய நாடுகளுக்கு உருவாக்கி 2016-ல் வெளியிட்டது. பிறகு 57 நாடுகளுக்கு விரிந்தது. இந்தியா அதில் இல்லை. இல்லாததை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கலாம். எங்களுக்கு வேண்டியிருந்தது தரவரிசை இல்லை, கேள்வித்தாள். 11 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று அல்லது நான்கு வரை புள்ளி, கூட்டினால் அதிகபட்சம் 37. எந்த நிலைக்கு எந்தப் புள்ளி என்று சாதாரண மொழியில் விளக்கம் இருக்கிறது. உதாரணமாக, வருவாயில் சொந்த மூலங்கள் 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் பூஜ்யம், 25 வரை ஒன்று, 50 வரை இரண்டு, அதற்கு மேல் மூன்று. மாநகராட்சி பட்ஜெட் புத்தகத்தை வைத்துக்கொண்டு எவரும் நிரப்பலாம், எவரும் மறுக்கலாம். ஒரு எண்ணைப் பார்த்துத் தலையாட்டுவதைவிட, ஒரு கட்டத்தை நிரப்பச் சண்டை போடுவது பகுதி சபைக்குப் பொருத்தம்.

குறை இல்லாமல் இல்லை. நாங்களே கேள்வித்தாளும் நாங்களே விடைத்தாளும் என்றால் மதிப்பெண்ணை நம்புவது யார்? அதனால் மொத்தப் புள்ளியை அச்சிடுவதில்லை என்று மாணவி கறாராகச் சொல்லிவிட்டாள். மற்ற நாடுகளின் புள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் எண்ணை வைத்தால் பித்தலாட்டம் ஆகிவிடும் என்பது அவள் வாதம். கேள்விக்கு எதிரே சென்னையின் நிலையைச் சொற்களில் எழுதுகிறோம். டென்மார்க், பிரேசில் நிலையை அடுத்த கட்டத்தில். வரி பற்றிய கேள்விக்கு மட்டும் ப்ளோஷ்லிகர் – கிங் படிநிலையை இரவல் வாங்கிக்கொண்டோம், சொத்து வரிக் கதையைச் சொல்ல அதைவிட நல்ல ஏணி கிடைக்கவில்லை.

நிரப்பத் தொடங்கிய மாலை சுவாரசியமாக இருந்தது. பள்ளி? மாநகராட்சிப் பள்ளிகள் இருக்கின்றன, ஆனால் நகரின் எல்லாப் பள்ளிகளும் அல்ல. மருத்துவம்? ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு. ஸ்டான்லி மருத்துவமனை மாநில அரசுடையது. பஸ்? மாநில அரசின் போக்குவரத்துக் கழகம். போலீஸ்? மாநிலம். வீடு? முன்பு குடிசை மாற்று வாரியம், 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். இரண்டு பெயரிலும் மாநிலம். நிலப் பயன்பாடு? பெருநகர வளர்ச்சிக் குழுமம். சிறிய கட்டடங்களின் அனுமதி மட்டும் மாநகராட்சியின் பக்கம். நிர்வாகத் தலைவர்? ஆணையர், மாநில அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1688-ல் தொடங்கிய, இந்தியாவிலேயே மூத்த மாநகராட்சி என்று மார்தட்டிய பெரியவர் இந்த வரியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அரசமைப்பின் 74-ஆவது திருத்தம் சேர்த்த 12-ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்கென்று உள்ள 18 வேலைகளையும் மாணவி சுவரில் ஒட்டியிருந்தாள். அவற்றைப் பற்றிய 243-டபிள்யூ பிரிவு, மாநிலம் 'ஒப்படைக்கலாம்' என்கிறது, 'ஒப்படைக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. எல்லாம் அந்த ஒரு வினைமுற்றில்தான் தொங்குகிறது.

பிறகு பெரியவர் கேட்டார்: "தண்ணீர் எங்கே?"

தேடினோம். பள்ளி, சமூக உதவி, மருத்துவம், நிலம், போக்குவரத்து, வீடு, காவல், பராமரிப்பு. ஐரோப்பியர் எழுதிய வேலைப் பட்டியலில் குடிநீர் இல்லை. குழாயைத் திறந்தால் வரும் ஊர்க்காரர்களுக்குக் கேட்கத் தோன்றியிருக்காது. குடமும் வரிசை எண்ணுமாக வளர்ந்த வடசென்னையில் முதல் கேள்வியே அதுதான். இங்கே குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் தனி வாரியத்தின் பொறுப்பு. அது மாநிலச் சட்டத்தால் வந்த வாரியம். டென்மார்க்கில் பெரும்பாலும் நகராட்சிகளுக்குச் சொந்தமான நிறுவனங்களும், பயன்படுத்துவோரே நடத்தும் கூட்டுறவுகளும் தண்ணீர் கொடுக்கின்றன.

ஆகவே 12-ஆவது கேள்வியாகத் தண்ணீரை நாங்களே சேர்த்தோம். குறியீட்டின் ஆசிரியர்கள் எழுதியதல்ல, நாங்கள் சேர்த்தது என்று அடியில் குறிப்போடு. சேர்த்த பிறகு 12 பக்கம் போதவில்லை. ராயபுரத்து அச்சகத்தில் விசாரித்தோம். பதினாறு பக்கம் என்றால் ஒரே தாளில் அச்சாகும் ஒரு முழு 'பாரம்', பன்னிரண்டுக்கும் அதற்கும் கூலியில் பெரிய வித்தியாசமில்லை என்றார்கள். கூடுதல் நான்கு பக்கத்தில் இரண்டு தண்ணீருக்கு. மீதி இரண்டையும் தேர்தல் இல்லாத அந்த ஆண்டுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று பெரியவர் இன்னும் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.